ஒரு ஷில்லிங் கொடுத்தால் போதும்: கிரமோர்ன் தோட்டத்தின் கதை

ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரின் ‘விழும் ராக்கெட்’ ஓவியத்தில் இருட்டுக்குள் பொன்பொறியாகச் சிதறும் வாணவேடிக்கை லண்டனில் எங்கே நடந்தது, அந்த இடம் ஒரு பிரபுவின் பண்ணையாக இருந்து கேளிக்கைப் பூங்காவானது உண்மையா, ஒரு பாதிரியார் எழுதிய துண்டுப்பிரசுரத்தால்தான் அதை இழுத்து மூடினார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

இடம், செல்சியில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் இருந்த கிரமோர்ன் தோட்டம். பிரபுவின் பண்ணை என்பதும் உண்மை. பாதிரியார் கதையை மட்டும் நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கைவைத்தபோது சுவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தது. ஏன் சாய்ந்தது என்பதற்குப் பண்ணைக் காலத்திலிருந்தே வர வேண்டும்.

செல்சி அப்போது லண்டனுக்கு வெளியே இருந்த ஆற்றோரக் கிராமம். பெரிய மனிதர்கள் ஊர் இரைச்சலிலிருந்து தப்பி அங்கே வீடு கட்டிக்கொள்வார்கள். ஹண்டிங்டன் பிரபு தியோஃபிலஸுக்கு 1740-களில் அங்கே இருந்த வீட்டுக்கு ‘செல்சி பண்ணை’ என்று பெயர். அவர் மனைவி செலினாவைக் கிறிஸ்தவ வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மெதடிஸ்ட் இயக்கத்தின் பெரிய புரவலர். சீமான்களையும் சீமாட்டிகளையும் தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, அந்த இயக்கத்தின் புகழ்பெற்ற பிரசங்கி ஜார்ஜ் விட்ஃபீல்டைப் பிரசங்கம் செய்யச் சொன்னவர். பின்னாளில் ‘பாவத்தின் கூடாரம்’ என்று ஊரே ஏசிய இடம் ஆதியில் பக்திக்குப் பேர்போன ஓர் அம்மாளின் வீடு.

அடுத்து வந்தவர் அயர்லாந்தில் நிலபுலன் உள்ள தாமஸ் டாசன். 1785-ல் இவர் ‘கிரமோர்ன் விஸ்கவுண்ட்’ என்ற பிரபுப் பட்டம் பெற்றார். தோட்டத்தின் பெயர் இவர் பட்டத்திலிருந்து வந்ததுதான். இவர் மனைவி ஃபிலடெல்ஃபியா, அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பேத்தி. அரச குடும்பத்தோடு நெருக்கம் உண்டு. சார்லட் ராணி இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். கணவர் 1813-லும் மனைவி 1826-லும் இறந்தார்கள். பென் குடும்பத்து உறவினர் ஒருவர் கைக்குச் சொத்து போய், அவரும் விற்றுவிட்டார்.

வாங்கியவர்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆள்: சார்லஸ் ராண்டம் டி பெரெஞ்சர். தன்னை ‘பாரன்’ என்று சொல்லிக்கொள்வார். 1814 பிப்ரவரி 21 விடிவதற்கு முன், சிவப்புச் சீருடை அணிந்த ஒருவர் டோவர் துறைமுகத்தில் தோன்றி, நெப்போலியன் இறந்துவிட்டான், நேசப்படைகள் பாரிஸில் நுழைந்துவிட்டன என்று அறிவித்தார். செய்தி லண்டனைத் தொட்டதும் அரசுக் கடன்பத்திரங்களின் விலை ஏறியது. யார் யாரோ விற்று லாபம் பார்த்தார்கள். பிற்பகலுக்குள் புளுகு வெளுத்துவிட்டது. சில வாரங்களில் ஒரு படகுக்காரர் தேம்ஸிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கினார். உள்ளே கிழித்துப்போட்ட சிவப்புச் சீருடை. அதை அணிந்துவந்தவர் டி பெரெஞ்சர்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்து ஓராண்டுச் சிறை கொடுத்தது. கடற்படை வீரர் காக்ரேன் பிரபுவும் இதே வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழந்தார். பிறகு சிலி, பிரேசில் கடற்படைகளுக்குத் தலைமை தாங்கிப் புகழ் சேர்த்து, 1832-ல் மன்னிப்பும் பெற்றார். அவர் குற்றவாளியா என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டி பெரெஞ்சருக்காக வாதாட ஒருவரும் இல்லை.

சிறையிலிருந்து வந்த மனிதர் 1830-களின் தொடக்கத்தில் செல்சி பண்ணையை வாங்கி ‘ஸ்டேடியம்’ என்ற பெயரில் விளையாட்டுக் கழகம் திறந்தார். துப்பாக்கி சுடுதல், வாள்வீச்சு, நீச்சல், படகு வலித்தல், குதிரையேற்றம் எல்லாம் கனவான்களுக்குக் கற்றுத்தரும் இடம். இவர் குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர், அதில் பொய் இல்லை. ஆனால் சந்தா கட்டும் கனவான்களை மட்டும் நம்பி அத்தனை பெரிய இடத்தை நடத்த முடியவில்லை. பணத்துக்காக இடையிடையே பொதுமக்களுக்கும் கதவைத் திறந்து விழாக்கள் நடத்த வேண்டியதாயிற்று. பூங்காவின் விதை அங்கே விழுந்தது. 1845-ல் டி பெரெஞ்சர் இறந்தார். அதே காலத்தில் தோட்டம் முழுநேரக் கேளிக்கைப் பூங்காவாகத் திறந்தது.

நேரமும் நன்றாக வாய்த்தது. ஆற்றின் தென்கரையில் நூறாண்டுக்கு மேல் கோலோச்சிய வாக்ஸ்ஹால் தோட்டம் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. 1859-ல் ஒரேயடியாக மூடிவிட்டது. கிழக்கே அதே செல்சியில் இருந்த ரேனலா தோட்டமும் ஒரு பிரபுவின் ஆற்றோர மனைதான். எட்டு வயது மொசார்ட் 1764-ல் அங்கே வாசித்திருக்கிறான். அது 1803-லேயே போய்விட்டது. ஊர் பெருத்திருந்தது, போக்கிடம் குறைந்திருந்தது.

ஆனாலும் முதல் நடத்துநர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் ஆடம்பரமாகச் செலவழித்துத் திவாலாகிவிட்டார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார். தோட்டத்தை நிமிர்த்தியது தாமஸ் பார்ட்லெட் சிம்ப்சன். நாடகக்காரர்கள் கூடும் மதுக்கடை நடத்திய அனுபவசாலி. 1850 முதல் 1861 வரை இவர் கையில் இருந்த காலம்தான் கிரமோர்னின் பொற்காலம்.

சுமார் 12 ஏக்கர். வடக்கு வாசல் கிங்ஸ் ரோடில், வாயிலுக்கு மேலே ஒளிவிடும் பெரிய நட்சத்திரம். தெற்கு வாசல் ஆற்றில், தனிப் படகுத்துறை. நகரத்திலிருந்து நீராவிப்படகில் சில பென்னி கொடுத்து வந்து இறங்கலாம். நடுவில் சீனக் கோபுரம் போல ஒரு மண்டபம், அதில் வாத்தியக்குழு, அதைச் சுற்றி வட்டமாகப் பலகை அடித்த நடன மேடை. எரிவாயு விளக்குகளும் வண்ணக் கண்ணாடிகளும் ஜொலிக்கும். சர்க்கஸ் கொட்டகை, பொம்மலாட்ட அரங்கு, அமெரிக்க பௌலிங் கூடம், வழிமாறும் புதர்ப்பாதை, குறி சொல்லும் கூடாரம், விருந்து மண்டபம் என்று ஒவ்வொரு மரத்தடியிலும் ஏதோ ஒன்று. அத்தனைக்கும் நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். குதிரைவண்டிக்காரனுக்கும் பிரபுவுக்கும் ஒரே விலை.

கூட்டத்தை இழுத்தது நடனம் மட்டும் இல்லை. ‘இன்று யாராவது சாகக்கூடும்’ என்ற எதிர்பார்ப்பும்தான். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பட்டியலைப் பாருங்கள்.

1852-ல் பிரெஞ்சுக்காரி மதாம் புவாத்வேன், கிரேக்கப் புராணத்து யூரோப்பா வேடத்தில் ஒரு கிடாரிமேல் உட்கார்ந்து, அந்தக் கிடாரியை பலூனில் கட்டித் தூக்கவைத்து வானத்தில் ஏறினார். மிருகவதைத் தடுப்புச் சங்கம் வழக்குப் போட்டது. பெண் தொங்கியதைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. 1855-ல் கிரிமியப் போரின் மாமலோன் கோட்டைத் தாக்குதலை நிஜச் சிப்பாய்களை வைத்தே நடித்துக் காட்டினார்கள். சாரம் பாரம் தாங்காமல் சரிந்து, கையில் பயோனெட்டோடு ஏறிய சிப்பாய்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காயப்பட்டார்கள்.

1861 ஆகஸ்டில் ‘பெண் ப்ளாண்டின்’. நயாகராவின் குறுக்கே கயிற்றில் நடந்த பிரெஞ்சுக்காரர் ப்ளாண்டினின் புகழ் உச்சத்தில் இருந்த நேரம். அந்தப் பெயரையே ஒட்டவைத்துக்கொண்டு ஓர் இளம்பெண், எதிர்க்கரையான பேட்டர்சீயிலிருந்து கிரமோர்னுக்குத் தேம்ஸ்மேல் கயிற்றில் நடக்கக் கிளம்பினார். பாதிக்கு மேல் வந்தபின் கயிறு ஆடத் தொடங்கியது. கயிறு ஆடாமல் இழுத்துப் பிடித்த பக்கக்கயிறுகளில் தொங்கிய ஈயக்கட்டிக்கு ஆசைப்பட்டு எவனோ அவற்றை அறுத்துவிட்டிருந்தான். அவர் பதறவில்லை. கயிற்றிலேயே உட்கார்ந்து, தொங்கிய ஒரு கயிற்றைப் பிடித்துப் படகுக்குள் இறங்கினார். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து முழு ஆற்றையும் கடந்து காட்டினார்.

1874 ஜூலை 9 அன்று எதிர்பார்ப்பு பலித்தே விட்டது. வின்சென்ட் டி க்ரூஃப், பெல்ஜியத்துச் செருப்புத் தைப்பவர். வௌவால் சிறகுபோல 37 அடி அகல இறக்கைகள் கொண்ட ஒரு பொறியைப் பிரம்பாலும் பட்டாலும் செய்திருந்தார். ஜோசப் சிம்மன்ஸ் என்பவர் ஓட்டிய பலூனின் அடியில் அதைக் கட்டி ஏறி, உயரத்தில் விடுபட்டு, இறக்கை அடித்து இறங்குவது திட்டம். செல்சி செயின்ட் லூக் தேவாலயத்தை நெருங்கும்போது பிரிந்தார். இறக்கைகள் காற்றைப் பிடிக்காமல் மேலே மடிந்துகொண்டன. அருகில் இருந்த ராபர்ட் தெருவில் விழுந்து இறந்தார். பாரம் குறைந்த பலூன் சிம்மன்ஸைச் சுமந்துகொண்டு எசெக்ஸ் வரை போய் ரயில் பாதைமேல் இறங்கியது. எதிரே வந்த ரயிலை நல்ல வேளையாக நிறுத்திவிட்டார்கள். மனிதன் பறக்கப் பார்த்த வரலாற்றில் டி க்ரூஃபுக்கு ஓர் அடிக்குறிப்பாவது உண்டு. அவரைப் பைத்தியக்காரர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒழுக்கப் பிரச்சினைக்கு வருகிறேன். மருத்துவர் வில்லியம் ஆக்டன் 1857-ல் ஒரு மாலையை இங்கே கழித்துவிட்டுப் பதிவு செய்திருக்கிறார். பகலில் பருத்தி உடை உடுத்திய குடும்பங்கள், குழந்தைகள், கடைச் சிப்பந்திகள். பொழுது சாயும்போது அவர்கள் பென்னிப் படகில் கிழக்கே திரும்புகிறார்கள்; அதே நேரம் மேற்கு நோக்கி வாடகைக் குதிரைவண்டிகள் வருகின்றன, பட்டு உடுத்திய தனிப்பெண்களையும் பணக்கார வாலிபர்களையும் ஏற்றிக்கொண்டு. பத்து மணிக்குமேல் மேடையைச் சுற்றி நின்ற பெண்களில் பலர் விலைமகளிர் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அதே கையோடு, அங்கே ரகளையோ ஆபாசமோ பெரிதாகக் காணவில்லை என்றும் அவரே எழுதுகிறார். இந்த இரண்டாவது பாதியை எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு.

ஆக ஒரே வேலிக்குள் இரண்டு தோட்டங்கள் இருந்தன. பகல் தோட்டத்தின் ஷில்லிங் செலவுக்கே சரியாகப் போகும். லாபம் இரவுத் தோட்டத்தின் ஷாம்பெயினிலும் இரவுணவிலும். எந்த நடத்துநராலும் ஒன்றை வெட்டி மற்றொன்றை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1858-ல் முயன்றுதான் பார்த்தார்கள்: உயர்குலப் பெண்கள் சிலரே யார் யாரை அழைக்கலாம் என்று முடிவு செய்யும் சீமான்வீட்டுத் திருவிழா ஒன்று அறிவித்தார்கள். கொட்டித்தீர்த்தது மழை, கவிழ்ந்தது திருவிழா. தேம்ஸ் முழுக்கச் சாக்கடையாகி லண்டனே மூக்கைப் பொத்திக்கொண்ட கோடையும் அதுவேதான் என்பதால், மழை பெய்யாவிட்டாலும் ஆற்றங்கரை விருந்து மணத்திருக்காது.

1861-க்குப் பின் தோட்டத்தை நடத்தியவர் எட்வர்ட் டிரெல் ஸ்மித், பிறகு 1870 முதல் ஜான் பாம். இவர்கள் காலத்தில் மாறியது தோட்டம் என்பதைவிட அக்கம்பக்கம் என்பதே சரி. வயலும் காய்கறித் தோட்டமுமாக இருந்த செல்சி வீதி வீதியாக நிரம்பியது. பொறியாளர் பாஸல்ஜெட் கட்டிய செல்சி ஆற்றங்கரைச் சாலை 1874-ல் திறந்தது. சேறும் படகுப்பட்டறையுமாக இருந்த கரை நல்ல முகவரியாகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நள்ளிரவில் வாணவெடி, பாட்டு, குடித்துவிட்டு வண்டி பிடிக்கக் கத்துகிறவர்களின் கூச்சல். இது தூக்கத்தின் பிரச்சினை, வீட்டு விலையின் பிரச்சினை. மனுவில் எழுதும்போது ஒழுக்கம் என்று எழுதினால் எடுபடும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் வேளையில் மிடில்செக்ஸ் நீதிபதிகளிடம் உள்ளூர் மன்றம் எதிர்ப்புத் தெரிவிக்கும். 1870-களின் தொடக்கத்தில் நடன உரிமமே சில காலம் கிடைக்காமல் போனது.

இந்த நிலையில்தான் 1877-ல் அல்ஃபிரட் பிராண்டன் வருகிறார். செல்சியின் பாப்டிஸ்ட் போதகர். கிரமோர்னின் அக்கிரமங்களைச் செய்யுளில் சாடி ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். ஜான் பாம் அவதூறு வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு பாமின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் கிடைக்காது. ‘சட்டப்படி நீ சொல்வது சரி, ஆனால் உன் மானத்துக்கு இவ்வளவுதான் விலை’ என்பது அதன் பொருள். உடம்பும் முடியாமல், கடனும் கழுத்தை நெரிக்க, அந்த அக்டோபரில் பாம் உரிம விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தோட்டம் அதோடு முடிந்தது. 1878-ல் சாமான்களை ஏலம் விட்டார்கள். நிலத்தில் வீடுகள் முளைக்க அதிக நாள் ஆகவில்லை.

போதகரின் துண்டுப்பிரசுரம் ஒரு தோட்டத்தை மூடியது என்று சொல்வது கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பாருங்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டும், அதுவும் மழை பெய்யாத நாளில் மட்டும், ஆளுக்கு ஒரு ஷில்லிங் சம்பாதிக்கும் 12 ஏக்கர். நகரம் அதைச் சுற்றி வளைத்த பிறகு, அதே மண்ணை மனைகளாக்கினால் வருஷம் முழுக்க வாடகை. லண்டனின் பழைய ஆற்றோரத் தோட்டங்களில் இந்தக் கணக்கிலிருந்து தப்பியது எது? வாக்ஸ்ஹாலிலும் வீடுகள்தான் வந்தன. அங்கே போதகர் யாரும் கவிதை எழுதவில்லை.

இப்போது உங்கள் ஓவியம். ஜேம்ஸ் விஸ்லர் 1863 முதல் கிரமோர்னிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், லிண்ட்சி ரோ என்ற தெருவில் குடியிருந்தார். பக்கத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கிரீவ்ஸ் சகோதரர்கள், இரவில் அவரை ஆற்றில் படகோட்டி அழைத்துப்போவார்கள். அவர்களில் வால்டர் கிரீவ்ஸ் தானும் கிரமோர்னை வரைந்திருக்கிறார். விஸ்லர் இந்தத் தோட்டத்தைப் பல படங்களில் தீட்டினார். ‘விழும் ராக்கெட்’ 1875-ஐச் சேர்ந்தது. 1877-ல் குரோவ்னர் கலைக்கூடத்தில் அது தொங்கியபோது, கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், மக்கள் முகத்தில் ஒரு சட்டி வண்ணத்தை வீசியதற்கு 200 கினி கேட்கிறான் என்ற பொருளில் எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் தீர்ப்பு: விஸ்லருக்கே வெற்றி, நஷ்டஈடு ஒரு ஃபார்திங். ஆமாம், பாமுக்குக் கிடைத்த அதே கால் பென்னி. வழக்குச் செலவு தலையில் விழுந்து அடுத்த ஆண்டே திவாலானார். தோட்டத்துக்காரரும் அதை வரைந்தவரும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் ஒரே தொகைக்கு ஜெயித்துத் தோற்றார்கள் என்பதை ஒரு புனைகதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள். படம் இப்போது அமெரிக்காவில், டெட்ராய்ட் கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் வாணவெடியின் கீழ் நிழலாக நிற்கும் மனித உருவங்களைத் தேடிப் பாருங்கள். அச்சுப்படங்களில் சரியாகத் தெரியாது.

திவாலான ஜேம்ஸ் எல்லிஸை நினைவிருக்கிறதா? கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய், தங்கவேட்டையில் பணம் புரண்ட மெல்போர்னில், யாரா ஆற்றங்கரையில் 1853-ல் இன்னொரு கிரமோர்ன் தோட்டத்தைத் திறந்தார். நாடகக்காரர் ஜார்ஜ் காப்பின் அதை 1856-ல் வாங்கினார். ஆஸ்திரேலியாவின் முதல் பலூன் பயணம் 1858 பிப்ரவரி 1 அன்று அங்கிருந்துதான் கிளம்பியது. 1863-ல் அதுவும் மூடி, மனநோய் விடுதியானது. அந்தப் பகுதிக்கு இன்றும் கிரமோர்ன் என்றே பெயர்.

லண்டனில் போய்ப் பார்க்க என்ன மிச்சம் என்றால், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போகலாம். இம்பீரியல் வார்ஃப் ரயில் நிலையத்தில் இறங்கி லாட்ஸ் ரோடு வழியாக நடந்தால், சுரங்கரயிலுக்கு மின்சாரம் தந்த பழைய மின்நிலையத்தைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு சின்னப் பூங்கா வரும். 1982-ல் திறந்தது. பெயர் கிரமோர்ன் கார்டன்ஸ். பழைய தோட்டத்தின் இரும்பு வாயிற்கதவுகளைக் கொண்டுவந்து அதில் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஸ்டேடியம் தெரு என்று ஒரு குடியிருப்புத் தெரு உண்டு. மைதானம் எதுவும் இல்லாத தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று வழிப்போக்கர்கள் குழம்பலாம். உங்களுக்கு இப்போது காரணம் தெரியும், அந்தப் போலிச் சீருடைக்காரரின் விளையாட்டுக் கழகம்.